ஈரம் காயாத மூலை

அத்தியாயம் 9

மைக்கின் மேல் கோபப்படாதீர்கள் என்று போன வாரமே கேட்டுக்கொண்டேன். யார் கேட்டீர்கள்? சொந்த நாத்தனாரின் சலவை இயந்திரங்களைத் தெருவைக் கூட்டி நிறுத்த வைத்தவள் என்று ஆளாளுக்கு அவளைத் திட்டுகிறீர்கள். "அந்தப் பெண்ணின் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுங்களேன்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா. இந்த வாரம் ஒரு பூட்டு வரத்தான் போகிறது.

இன்றுதான் இந்தக் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

மைக் என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். கண் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பெயர் சொல்லி உள்ளே அழைக்கும் வேலை அவளுக்கு. அவள் அழைத்தால் எதிர்க் கட்டடத்தில் இருப்பவர்களும் ஒரு தடவை எழுந்து உட்காருவார்கள். கணவன் பிளம்பர். பேச்சில் அவளுக்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று கொடுப்பான். அவனுடைய அக்கா பின்சந்தில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். தம்பியைத் தொழிலில் சேர்த்துவிட்டதும் அவள்தான், பெண் பார்த்து மைக்கைக் கட்டிவைத்ததும் அவள்தான்.

இவர்கள் வீட்டுப் பின்சுவருக்கும் அந்தச் சந்துக்கும் நடுவில் ஒரு காலி மனை. நகராட்சிக்குச் சொந்தம். தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறோம் என்று எப்போதோ வேலி போட்டார்கள். தொட்டி வரவில்லை. உடைந்த நாற்காலிகளும் முட்செடிகளும் வந்தன. மைக்தான் அலுவலகப் படி ஏறி இறங்கி, "சும்மா கெடக்கற நெலத்துல நாங்க ஒரு சின்னத் தோட்டம் போட்டுக்கறோம், குடுங்க" என்று நச்சரித்து வாங்கினாள். தெருவே அவளைக் கொண்டாடியது. குப்பையை அள்ளினார்கள், முள்ளை வெட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மூலை மட்டும் காயவில்லை. சொதசொதவென்று, சோப்பு நாற்றத்தோடு கிடந்தது.

எந்த வீட்டுக் கழிவுநீரும் மனைக்குள் வரக்கூடாது என்பது நகராட்சியின் ஒரே நிபந்தனை. வந்தால் தோட்டம் கிடையாது.

தெருக் கூட்டத்தில் மைக் எழுந்து, "சோப்புத் தண்ணின்னா வேற எங்கேருந்து வரும்? அண்ணி கடைலேருந்துதான்" என்றாள். அக்கா பதறவில்லை. "என் கடைக்குக் குழாய் போட்டதே என் தம்பிதான். அவனைக் கேளுங்க" என்று நிம்மதியாகச் சொன்னாள். எல்லாரும் பிளம்பரைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"இருக்கலாம்" என்றான்.

ஒரே ஒரு வார்த்தை. மறுநாளே அக்கா இரண்டு இயந்திரங்களையும் நிறுத்திவிட்டாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வேறு கடைக்குப் போய்விட்டன. இப்போது அவள் கடையில் இஸ்திரிப் பெட்டி மட்டும்தான் சூடாகிறது. தம்பி வீட்டுப் படியை அவள் மிதித்து மாதக்கணக்காகிறது.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாத ஒன்று பிளம்பருக்குத் தெரியும்.

●

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவன் பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்திருந்தான். காலடியில் கடப்பாரை. கையில் ஒரு எண்ட் கேப். குழாயின் வாயை அடைக்கிற மூடி. அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

மாடியில் அறை கட்டியபோது கூடவே ஒரு குளியலறையும் கட்டினார்கள். அதன் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் முன்கூடத் தரையை உடைக்க வேண்டும். முன்கூடத்தில் அப்போதுதான் டைல்ஸ் பதித்திருந்தது. மைக் அதன் மேல் யாரையும் செருப்புக் காலோடு விடாத காலம் அது. பிளம்பருக்கோ வெளிவேலை தலைக்கு மேல் கிடந்தது. சரி, அப்போதைக்கு இருக்கட்டும் என்று பின்சுவரில் ஒரு துளை போட்டு, காலி மனைக்குள் ஒரு குழாயை இறக்கி, மேலே செங்கல் துண்டுகளைக் கொட்டி மூடிவிட்டான். ஆளில்லாத நிலம், யார் வந்து கேட்கப்போகிறார்கள்? மைக்கிடம் "லைன் குடுத்தாச்சு" என்றான். எந்த லைன் என்று அவளும் கேட்கவில்லை.

குழாய்த் தொழிலில் 'அப்போதைக்கு' என்று போட்ட எதையும் யாரும் திரும்ப வந்து எடுப்பதில்லை. இதைச் சொல்லி எத்தனை வீட்டுக்காரர்களை அவனே திட்டியிருக்கிறான்!

அக்கா கடைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரு சொட்டுச் சிந்தாமல் சந்துச் சாக்கடைக்குப் போகிறது. போட்டவன் அவனாயிற்றே. ஆக, அந்த 'இருக்கலாம்' தெரியாமல் வாயில் வந்தது இல்லை. தெரிந்தே வந்தது. தெரு முழுக்க நிற்கும்போது, கட்டியவளின் முன்னால், 'அது என் குழாய்' என்று சொல்ல நா எழவில்லை. அக்காதானே, பொறுத்துக்கொள்வாள் என்று உள்ளே ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பே கூசியது. கூசி என்ன பிரயோசனம்? இயந்திரங்கள் நின்றது நின்றதுதான்.

"என்னங்க, கடப்பாரையோட தவம் பண்றீங்களா?"

மைக் வந்துவிட்டாள். தலையில் துண்டு, இடுப்பில் மனையின் சாவி.

"அந்த மூலையை நானே வெட்டிடறேன்" என்றான்.

"நீங்களா? மண்ணு சுமக்கக் கூப்பிட்டா முதுகு வலிங்கற ஆளு?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லையே, உங்களுக்கும் பொது அக்கறை வந்துடுச்சு! இன்னிக்கு அந்த அதிகாரியம்மா வந்து மூலையைப் பாத்துட்டா, நாளைக்கே செடி. காயலேன்னா மறுபடி பூட்டிடுவாங்களாம். அண்ணி மிஷினை நிறுத்தி இவ்வளவு நாளாச்சு, இன்னும் காயாம இருக்கே, என்னங்க அது?"

"பழைய தண்ணி."

"அப்படியா?"

"ம். மேல குளியலறைல இன்னிக்குத் தண்ணி விடாதே. அடைப்பு."

"ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கறவர் வீட்ல அடைப்பு! நல்லாருக்கு போங்க." அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "நீலத்தைக் கழுவிட்டு வாங்க. வர்றவங்க முன்னாடி இந்தக் கையோட நிக்காதீங்க."

அந்த நீலம் அவன் விரலை விட்டுப் போனதே இல்லை. இரண்டு குழாய்களைப் பசை தடவி இணைத்ததும், இணைப்பின் குறுக்கே நீலப் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு இழுப்பான். பசை தடவாமல் சும்மா செருகி மறந்துபோன இணைப்பு பிற்பாடு நழுவிவிடும். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வேறு எந்தப் பிளம்பரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. "நீலக்கோடு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம், எங்க வீட்டுக்காரர் வேலை" என்று மைக் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

●

வெயில் ஏறுவதற்குள் மனையில் பாதித் தெரு கூடிவிட்டது. தையல்காரர் வேலிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பாத்திக்கு மண்ணைக் கொத்தினார்கள். பிரேக் மாமா வேலையை மேற்பார்வை பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். யார் எதை ஆரம்பித்தாலும் "கொஞ்சம் நில்லுங்க" என்று கையை நீட்டுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

பிளம்பர் நேராக மூலைக்குப் போனான். "இது என் பொறுப்பு. யாரும் வர வேணாம்."

"கொஞ்சம் நில்லுப்பா. சேத்துல தனியா எறங்கறதா?"

"பரவால்ல மாமா."

"விடுங்க மாமா, அவரே ஆசைப்பட்டு வந்திருக்காரு" என்று மைக் மனைக்கு அந்தக் கோடியிலிருந்து அறிவித்தாள். சந்தில் போனவர்களுக்கும் கேட்டது.

அவன் போட்டிருந்த திட்டம் இதுதான். யாரும் கவனிக்காதபோது செங்கல்லை விலக்கி, குழாயை அறுத்து, மூடியை வைத்து அடைத்து, மண்ணைத் தள்ளிவிடுவது. மாடிக் குளியலறையை அடைப்பு என்று சொல்லி ஒரு மாதம் பூட்டிவைப்பது. பிறகு பார்த்துக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவனுக்கே தெரியும். வேறு வழி தோன்றவில்லை. தோன்றிய ஒரு வழிக்கு வாய் வேண்டும்.

கேட் கிறீச்சிட்டது. மண் கொத்திக்கொண்டிருந்த கைகள் நின்றன.

அக்கா வந்திருந்தாள். தோளில் ஒரு மண்வெட்டி.

"என்ன, எல்லாரும் அப்படியே நின்னுட்டீங்க?" செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "என்னால வந்த சேறுதானே? நானே அள்ளிப் போடறேன்."

மைக் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா நேரே தம்பியிடம் வந்தாள்.

"நீ வேணாம்க்கா. நான் பாத்துக்கறேன்."

மாதக்கணக்கில் பேசாத தம்பி பேசிய முதல் பேச்சு. அக்காவின் முகம் இளகிவிட்டது.

"நீ ஏன்டா பாக்கணும்? குழாய் போட்டது நீ, சரி. தண்ணி விட்டது நான்தானே. நகரு."

நகர்ந்தான். வேறென்ன செய்வான்? திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலறவும் முடியாது என்பார்கள். பக்கத்திலேயே நின்று, அவள் வெட்டிப் போட்ட சேற்றை வாரிக் கொட்டினான். அவள் வெட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"லைன்ல எங்க விட்டுப்போச்சுன்னு எனக்குப் புரியவே இல்லடா. கடைத் தரை பூரா தட்டித் தட்டிப் பாத்தேன். குப்புறப் படுத்துக் காதை வெச்சுக்கூடக் கேட்டேன். ஒண்ணும் தெரியல. உன்னைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லலாம்னு நெனச்சேன். கோடு போட்ட வேலை பழுதாயிடுச்சுன்னா உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

அவன் கையிலிருந்த கூடை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிர வெகுநேரம் பிடித்தது. இப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு இடத்தில், குனிந்த வாக்கிலேயே, முகத்தைப் பார்க்காமலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மண்வெட்டி எதன் மேலோ பட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது.

செங்கல் துண்டுகளுக்கு நடுவே ஒரு குழாய். வெட்டுப் பட்ட இடத்தில் சில்லுப் பெயர்ந்திருந்தது. அக்கா குனிந்து சேற்றைக் கையால் துடைத்தாள். இணைப்பின் குறுக்கே, போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே, நீலக்கோடு.

திருட்டுத்தனமாகப் புதைத்த குழாய்க்கும் அவன் கை தன் பாட்டுக்குக் கோடு போட்டிருக்கிறது. அவன் அதை அடியோடு மறந்திருந்தான்.

அக்காவின் விரல் அந்தக் கோட்டின் மேலேயே நின்றது. அவள் கண் குழாய் வருகிற திசையில் போனது. பின்சுவர். அதற்கு மேல் மாடி. அங்கே குளியலறையின் சின்ன ஜன்னல். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணி, என்ன கெடச்சுது?" மைக்கின் குரல்.

அக்கா காலால் சேற்றைத் தள்ளிக் குழாயை மூடினாள்.

"கல்லும்மா. பெரிய கல்லு."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அக்கா மூடிய சேற்றை இன்னும் கொஞ்சம் மிதித்து அழுத்தினான்.

●

பூங்காப் பிரிவு அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சின்ன வயசுப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வந்ததும் உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் மனையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஐயய்யோ, இந்தக் கோலத்துலயா நான் நிக்கறது!" தலை முதல் கால் வரை மண்ணாக இருந்த மைக், "மேடம், ரெண்டே நிமிஷம்" என்று வீட்டுக்கு ஓடினாள்.

கீழ்க் குளியலறையில் தெருப் பெண்கள் வரிசையாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளே திறந்துவிட்ட உபகாரம். மாடியில் அடைப்பு என்று கணவன் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வாளித் தண்ணிக்கு என்ன ஆகிவிடும் என்று மாடிக்கு ஏறிவிட்டாள்.

கீழே அதிகாரி மூலைக்கு வந்து பூட்ஸால் அழுத்திப் பார்த்தார். சேறு கணுக்காலைப் பிடித்தது.

"இது காயவே இல்லையே. தண்ணி எங்கேருந்து வருது?"

"கொஞ்சம் நில்லுங்க மேடம், நான் சொல்றேன்" என்றார் பிரேக் மாமா. "அதோ அந்தச் சலவைக்கடை. இப்ப மிஷினெல்லாம் நிறுத்திட்டாங்க."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "உங்க கடைத் தண்ணியாம்மா?"

அக்கா வாளியிலிருந்து எழுந்தாள். முன்கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டாள்.

"என் கடைக்குக் குழாய் போட்டதே என் தம்பிதான். அவனைக் கேளுங்க."

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அன்றைக்கு நிம்மதியாகச் சொன்னாள். இன்றைக்கு அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

எல்லாரும் பிளம்பரைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். மூடினான். நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"பாத்துத்தான் மேடம் சொல்லணும்" என்றான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் காலடியில் கொப்புளம் வெடித்தது. ஒன்று, இரண்டு, பிறகு சேற்றைப் பிளந்துகொண்டு குபுகுபுவென்று வெள்ளை நுரை. வெதுவெதுப்பான தண்ணீர். கூடவே கமகமவென்று தலைக்குத் தேய்க்கிற ஷாம்பூ வாசனை. சலவைக்கடையில் ஷாம்பூ போட்டா துவைப்பார்கள்?

யாரும் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேலே, சின்ன ஜன்னல் வழியாக, தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேல் மைக்கின் குரல் கணீரென்று கேட்டது. வரவேற்புப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே! இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் தன் கடமையை உணர்ந்து..."

ஒரு வாளி ஊற்றும் சத்தம். நுரை இன்னும் ஒரு சாண் எழும்பியது.

"...யாருடைய கழிவும் யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு..."

தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் கழுவித் திரும்பிய இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கவா, அதிர்ச்சியையா, அவர்களுக்கே தெரியாது. பிளம்பருக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது. நிலம் பிளந்துதான் இருந்தது. விழுங்காமல் துப்பிக்கொண்டிருந்தது.

●

மைக் இறங்கி வந்தாள். மடிப்புக் கலையாத உடை, ஈரத் தலை, முகம் நிறையச் சிரிப்பு. நாலடி வந்ததும் சிரிப்பு நின்றது.

"ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?"

கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நுரை வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர் சேற்றைக் கழுவி, குழாயையும் அதன் மேல் கோட்டையும் துலக்கிவைத்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். நீலக்கோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொன்னவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நம்ம வீட்டுதா?"

அவன் தலையசைத்தான்.

"அன்னிக்கு, இருக்கலாம்னு சொன்னப்ப, தெரியுமா?"

அவன் நீல விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"தெரியும்."

அவள் கேட்டதும் அவன் சொன்னதும் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. மைக் பேசி இந்தத் தெருவுக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று நினைத்தும் அவள் கண் அக்காவிடம்தான் போய் நின்றது. "அண்ணி கடைலேருந்துதான்" என்று கை நீட்டியது, "பொது இடம்னு ஒரு பயம் வேணாமா" என்று கேட்டது, இயந்திரம் நின்ற அன்று "நல்ல முடிவு" என்று கைதட்டச் சொன்னது, ஒவ்வொன்றும் அவள் குரலிலேயே அவளுக்குத் திரும்பக் கேட்டது.

அதிகாரி மட்டும்தான் சாதாரணமாகப் பேசினார். "குழாயை எடுங்க. வீட்டுத் தண்ணியை முறைப்படி தெரு லைன்ல சேருங்க. மண்ணு காயட்டும். ஒரு மாசம் கழிச்சு வந்து பாத்துட்டு, தோட்டமா பூட்டான்னு சொல்றேன். அதுவரைக்கும் கேட் பூட்டியே இருக்கட்டும். சாவியைக் குடுங்க."

மைக் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"பின்சுவர் இந்த மனையை ஒட்டியிருக்கற வீட்டுக்காரங்க யார்கிட்டயும் சாவி வேணாம்" என்று அதிகாரி சுற்றிப் பார்த்தார். அக்காவிடம் போய் நின்றார். "நீங்க வெச்சுக்கோங்கம்மா. உங்க தண்ணி இதுல இல்லையே."

எல்லாரும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிரேக் மாமாவின் கை பாதி எழும்பியது. நிறுத்த எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியதோ என்னவோ, இறக்கிக்கொண்டார்.

●

வீட்டில் மைக் முன்கூடத்துச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிளம்பர் வாசற்படியைத் தாண்டாமல் நின்றான்.

"இந்தத் தரைக்காகவா?" என்று கேட்டாள்.

"ஒடைச்சா நீ வருத்தப்படுவேன்னு..."

"என் தலையில கட்டாதீங்க. அண்ணி தலையில கட்டினது போதும்."

அவள் டைல்ஸை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

"அவங்கதான் என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க பொழப்பை நான் கைதட்டி நிறுத்தியிருக்கேன். நாளைலேருந்து இந்தத் தெருவுல எப்படிங்க நான் நடப்பேன்?" புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "போங்க. போய்ச் சாவியை வாங்கிட்டு வந்து அந்தக் குழாயைப் பிடுங்கி எறிங்க. எனக்கு உங்க மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல."

போனான். தெருமுனை சுற்றிச் சந்துக்குள் நுழைவதற்குள் நாலு பேர் எதிரே வந்தார்கள். நாலு பேருக்கும் அவன் தலை நிமிரவில்லை.

சாயங்கால வெளிச்சம் சலவைக்கடை வாசல்வரைதான் எட்டியிருந்தது. உள்ளே இரண்டு இயந்திரங்களும் பழைய விரிப்பால் போர்த்தப்பட்டு நின்றன. அக்கா ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டின் சாவி அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"அக்கா."

"சொல்லு."

"குழாயை எடுக்கணும். சாவி."

அவள் காலரை மடித்து அழுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"தப்புதான்க்கா. நீ கல்லுன்னு சொல்லி என்னைக் காப்பாத்தினே. அது எனக்கு..."

"காப்பாத்தினேனா?" அக்கா நிமிர்ந்தாள். "யாரு சொன்னா? அவ கேட்டு நான் சொல்றதைவிட, நீயா சொன்னா நல்லாருக்கும்னு எடம் விட்டேன். அவ்வளவு நேரம் அந்த வாளி மேல எதுக்கு ஒக்காந்திருந்தேன்னு நெனச்சே? இப்ப வருவான், இப்ப வந்து வாயைத் தொறப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன்டா. நீ என்ன பண்ணினே?"

அவனுக்குத் தெரியும். சேற்றை மிதித்து அழுத்தியதை அவள் கேட் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"அதுக்கப்புறமும் விட்டேனா? அந்தம்மா முன்னாடி, அன்னிக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னேன். நீ, பாத்துத்தான் சொல்லணும்னே." அவள் தரையைக் காட்டினாள். "என் தரையில காதை வெச்சுப் படுத்துக் கெடந்தேன்டா, தம்பி. இல்லாத ஓட்டையைத் தேடிக்கிட்டு."

அவன் அழுதான். சத்தமில்லாமல், கடை வாசலில் நின்றபடியே. அவள் அவனை அழவிட்டாள். சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து விரித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கில்ல? அன்னிக்கு இருக்கலாம்னு சொன்னியே, அதே எடத்துல நின்னு முழுசா சொல்லு. யார் தண்ணி, யார் குழாய், யாருக்கு எப்பலேருந்து தெரியும். அப்புறம் சாவியைத் தர்றேன்."

"எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சேக்கா."

"தெரிஞ்சுதுடா. தண்ணி சொல்லித் தெரிஞ்சுது. நீ சொல்லித் தெரியல."

கூட்டம், அந்த நாற்காலிகள், அத்தனை கண்கள் எல்லாம் இப்போதே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் இருக்கிறது என்று நினைத்தான். அந்த நினைப்பிலும் ஒரு 'அப்போதைக்கு' இருந்தது.

டொக் என்று ஒரு சத்தம். காலி மனைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கொஞ்ச இடைவெளி. மறுபடியும் டொக். இந்தத் தடவை, பளபளப்பான எதுவோ உடைந்து சிதறுகிற ஒலியும் சேர்ந்து வந்தது.

டைல்ஸ் உடைகிற ஓசை பிளம்பருக்குத் தெரியாதா? அவன் சுத்தியலை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். கை பழகாதவர்கள் அடிக்கிற அடி, தாறுமாறாக விழுந்தது. ஆனால் நிற்கவில்லை.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"அவ ஆரம்பிச்சுட்டா" என்றாள். "நீ எப்போடா?"